சங்கிலித் திரை

குடிநீர் ஏரியின் கரையில் புல் வெட்டும் டிராக்டரை ஓட்டுவதற்கு ஆள் மாறலாம். அதன் பின்னால் பூட்டியிருக்கும் மோவரைத் தூக்கி நிறுத்தி அடியில் கைவைக்க வேண்டுமென்றால் மட்டும் ஃபிட்டரம்மாதான் வரவேண்டும். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கொட்டகையில் இதுதான் சட்டம். எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை. அவள் வாய்க்குப் பயந்து தானாக உண்டான சட்டம்.

மோவரைத் தூக்கியதும் நான்கு மூலையிலும் இரும்புக் கால்களைக் கொடுப்பாள். "ஹைட்ராலிக்கை நம்பி உள்ள தலையைக் குடுக்கிறதுக்கு எனக்கென்ன ரெண்டு தலையா இருக்கு?" என்பாள். அப்புறம் சாக்கை விரித்து மல்லாக்கப் படுத்து, முந்தின நாள் வெட்டில் பச்சைக் களிம்பாக ஒட்டிக் காய்ந்துபோன புல்லைச் சுரண்டுவாள். அதை அப்படியே விட்டால் ஈரம் தங்கித் தகடு துருப்பிடித்துவிடும். பிளேடு இரண்டையும் கழற்றித் தராசில் வைத்துப் பார்ப்பாள். ஒன்று தேய்ந்து ஒன்று கனத்துக் கிடந்தால் சுற்றும்போது மோவர் முழுக்க உதறும், கொஞ்ச நாளில் கியர்பாக்ஸ் பேரிங் போய்விடும். அதனால் ஒன்றைச் சாணை பிடித்தால் அடுத்ததையும் பிடிப்பாள், ஒன்றை மாற்றினால் ஜோடியாக மாற்றுவாள். கியர்பாக்ஸில் எண்ணெய் பார்ப்பாள். டிராக்டரிலிருந்து மோவரைச் சுற்றவைக்கும் ஷாஃப்டின் மூட்டுகளில் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை புதுக் கிரீஸை அடிப்பாள்.

கடைசியாகச் சங்கிலித் திரை. மோவரின் பின்பக்கம் ஒரு கம்பியில் கோத்து வரிசையாகத் தொங்கும் நாற்பத்திரண்டு சங்கிலித் துண்டுகள். வெட்டுப்பட்ட புல் அவற்றை விலக்கிக்கொண்டு வெளியே போய்விடும். பிளேடில் மாட்டிய கல் போகாது, சங்கிலியில் அடிபட்டு அங்கேயே விழும். ஒவ்வொரு துண்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்திருப்பாள். அதற்குள் அவள் முதுகு முழுக்கச் சாக்கின் அச்சு விழுந்திருக்கும்.

டிராக்டர் டிரைவர் அவள் புருஷன். அவன் வேலைக்கு வந்த புதிதில், மோவரில் உடைந்துபோன ஒரு போல்ட்டுக்குப் பதில் ஆணியை அடித்து ஓட்டிக்கொண்டு வந்தான். கல்லில் இடித்தால் கியர்பாக்ஸ் உடையாமல் தான் முதலில் உடைந்துகொடுக்க வேண்டிய போல்ட் அது. அவள் ஆணியைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்து, "இதை வீட்டுல சட்டை மாட்ட வெச்சுக்க" என்றாள். மறு வருஷம் கல்யாணம். ஆணி வீட்டுக்கு வந்துச்சோ இல்லையோ, சட்டை மாட்ட இந்தம்மா வந்துட்டாங்க என்று கொட்டகையில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனை 'நீங்க' என்றுதான் பேசுவாள். கோபம் எல்லை மீறும்போது மட்டும் அது 'நீ'யாகிவிடும்.

இந்த முறை மழை இரண்டு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்தபோது கரையில் புல் முழங்கால் உயரம் நின்றது. வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல். கரை சூப்பர்வைசருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த ஆள் வாயைத் திறந்தாலே சீக்கிரம் சீக்கிரம்தான். அதனால் அவருக்குப் பெயரே 'சீக்கிரம் சார்' என்றாகிவிட்டது.

"ஈரப்புல்லு சங்கிலிக்குப் பின்னாடி அடைச்சுக்குது. அரை மணிக்கொரு தடவை நிறுத்திச் சுத்தம் பண்ணிட்டிருந்தா எப்போ முடிக்கிறது?" என்றார் அவளிடம். "அந்தச் சங்கிலியைக் கழட்டிடுங்கம்மா. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் மாட்டிக்கலாம்."

"கழட்டினா வண்டி ஓடாது சார்."

"அதெல்லாம் ஓடும்."

"ஓடும். நான் ஓட விடமாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்பை அவள் அப்போது கவனித்திருக்க வேண்டும். ஆனால் கடைவாய்ப்பல் ஒன்று அவளை ஒரு வாரமாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. திங்கள், செவ்வாய் லீவு போட்டுப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை கன்னம் பன்னாக வீங்கிப்போய் வேலைக்கு வந்தவள், மோவரின் பின்னால் போய் நின்றாள். சங்கிலி இல்லை. முந்தின நாள் சாயங்காலம், டிரைவர் வீட்டுக்குப் போன பிறகு, வெளியிலிருந்து வெல்டரை வரவழைத்து கேஸ் வைத்து அறுத்திருந்தார்கள். கம்பியின் ஒரு முனையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கினால் நாற்பத்திரண்டும் ஒரே நிமிஷத்தில் உருவிக்கொண்டு வந்துவிடும். மறுபடி கோத்தும் விடலாம். அதுகூடத் தெரியாமல் ஒவ்வொன்றாக அறுத்துத் தள்ளியிருந்தார்கள். கம்பியில் ஒற்றை ஒற்றை வளையம் மட்டும் பல்லுப் போன ஈறு மாதிரி மிச்சம் இருந்தது. சங்கிலியைக் காணோம். பழைய இரும்போடு போய்விட்டது என்றார்கள்.

வாயைத் திறக்க முடியவில்லை. திறக்க முடிந்திருந்தால் அன்று கொட்டகைக் கூரை பறந்திருக்கும். ஓர் அட்டையை எடுத்துச் சிவப்பு மையில் 'பின்புறச் சங்கிலி இல்லை. ஓட்டக்கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டியரிங்கில் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். டிராக்டர் சாவியை ஆபீஸ் ஆணியில் மாட்டினாள். பதினோரு மணிக்கு, ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பம்ப் அறையில் மோட்டார் நின்றுவிட்டது என்று அவளை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டரை மணிக்கு, கரையை ஒட்டிய சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தபால்காரரின் இடது கண்ணில் கல் அடித்தது. கோலிக்குண்டு அளவு கல். அவர் சைக்கிளோடு சரிந்து விழுந்ததையும், தபால்கள் ஈரமண்ணில் சிதறிக் கிடந்ததையும், டிரைவர் இறங்கி ஓடி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்ததையும் அவள் மற்றவர்கள் வாயால்தான் கேட்டாள்.

கிழிந்த நெற்றியில் ஏழு தையல். கண்ணைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசாரணை திங்கள்கிழமை என்று ஆபீஸில் அறிவித்தார்கள்.

வெள்ளிக்கிழமை, பார்வையிட வந்தவர்கள் கரை அழகாக இருப்பதாகச் சொல்லி டீ குடித்துவிட்டுப் போன பிறகு, சீக்கிரம் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் அவளை அந்த ஆபீஸில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. ஒரு தட்டச்சுப் பேப்பரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் ஆளு. இங்க இல்லைன்னா வேற வண்டி ஓட்டுவாரு. நீங்க பர்மனென்ட். ரெண்டு பேருக்கும் வேலை போயிட்டா வீடு என்னம்மா ஆகும்? ஒருத்தராவது நிக்கணும்ல. டிரைவர் சொல்பேச்சைக் கேக்காம ஓட்டினார்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"யார் சொல்பேச்சை?"

"உங்க சொல்பேச்சைத்தாம்மா."

அவள் பேப்பரை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம்வரை அது அவள் துணிப்பையிலேயே கிடந்தது.

மகளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. சனிக்கிழமை அவள் வந்து கைகழுவி, மூன்று பேரும் முட்டையும் ரொட்டியுமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஃபிட்டரம்மா எழுந்துபோய்ப் பேப்பரை எடுத்துவந்து மேஜைமேல் போட்டாள்.

"இதுல உங்களைக் காட்டிக்குடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்றாரு அந்த மகராசன். மூஞ்சியில வீசிட்டு வந்திருப்பேன். வீட்டுல எல்லாரும் பாக்கணும்னுதான் வெச்சிருந்தேன்."

டிரைவர் பேப்பரைத் தொடவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு பேப்பரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். வியர்வையில் அதன் மடிப்பு நைந்துபோயிருந்தது.

"எனக்கும் குடுத்தாரு. நேத்தே. வண்டி சரியில்லைன்னு ஃபிட்டர் என்கிட்ட சொல்லவே இல்லைன்னு எழுதியிருக்கு. உன்னை யாரும் அசைக்க முடியாதாம், ஒரு எச்சரிக்கையோட போயிடுமாம். என்னைத்தான் ஒரே நாள்ல தூக்கிடுவாங்களாம்."

"நேத்தேவா?"

"நீயும் நேத்துத்தானே வாங்கினே."

மகள் இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொழில் பழக்கத்தில் விரலை ஓட்டிப் படித்தாள்.

"ரெண்டுலயும் கவனக்குறைவுங்கிற வார்த்தைக்கு நடுவுல 'க்' காணோம்மா. ஒரே கைதான் அடிச்சிருக்கு. அதுகூடப் பரவால்ல. சங்கிலின்னு ஒரு வார்த்தை ரெண்டுல எதுலயுமே இல்லை. அறுத்தவனும் இல்லை, அறுக்கச் சொன்னவரும் இல்லை. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவுல கல்லு தானா பறந்து போயிருக்கு."

"நான் கட்டின அட்டையையாவது எழுதியிருக்கானா?" என்றாள் ஃபிட்டரம்மா. "அதைப் பிச்சுப் போட்டது யாருன்னு கேக்குறேன் திங்கக்கிழமை. அந்த ஆள் கையாலதான் பிச்சிருக்கணும். அதை மட்டும் அவர் வாயால சொல்ல வெக்கிறேன்."

டிரைவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தான். திரும்பவும் பழைய இடத்துக்கே நகர்த்தினான்.

"அவர் பிக்கல."

"பின்ன?"

"நான்தான் கழட்டினேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டிங் பிளேயர் எடுத்துக் கம்பியை வெட்டிக் கழட்டினேன். சீக்கிரம் சார் வந்து நின்னாரு. சாவியைக் கையில குடுத்தாரு. நான் அட்டையைக் காட்டினேன். 'ஏம்ப்பா, வீட்டுலதான் அந்தம்மா ராஜ்யம், இங்கயும் அவங்க சீட்டு எழுதிக் கட்டினாத்தான் நீ வண்டி ஏறுவியா'ன்னாரு. சுத்தி நாலு பேர் சிரிச்சாங்க. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு."

"சிரிச்சாங்க."

"ம்."

"நாலு பேர் சிரிச்சதுக்கு நான் கட்டினதை நீ கழட்டினே." குரல் உயரவே இல்லை. அதனால்தான் மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வாய் வீங்கிப் பேச முடியாம எழுதிக் கட்டினேன். அந்த ஆளுக்காகவா கட்டினேன்? அவர் என்னைக்கு வண்டி ஏறியிருக்காரு? ஏறி உக்காரப் போறவன் நீ. உனக்குத்தான் கட்டினேன். மூணு நாளா நான் அவரைத் திட்டிக்கிட்டிருக்கேன், நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்போ? அந்தத் தபால்காரரோட கண்ணுக்கட்டுப் பிரிச்சதுக்கு அப்புறமா?"

அவன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். தபால்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது சட்டையில் ஆன ரத்தத்தை அவளேதான் சோப்புப் போட்டுத் துவைத்தாள். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுதால் கோபம் இறங்கிவிடும் என்று பல்லைக் கடித்தாள். பிடுங்கின இடம் சுரீர் என்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டில் தபால்காரர் பாதி முகத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எழுந்து கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"எதுக்கு வந்தீங்க? நேத்து உங்க ஆபீசர் பழக்கூடையோட வந்தாரு. தப்பு பூரா டிரைவர் மேலயாம். இன்னைக்கு நீங்க வேற யார் மேலன்னு சொல்ல வந்திருக்கீங்க?"

"எங்க மேலயும்னு சொல்லத்தாங்க வந்தோம்," என்றாள் ஃபிட்டரம்மா.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சங்கிலி எதற்கு, யார் அறுக்கச் சொன்னது, அட்டை, பம்ப் அறை. அட்டையைக் கழற்றிய இடம் வந்ததும் நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பகுதியை அவன்தான் சொன்னான். நாலு பேர் சிரித்ததையும் விடாமல் சொன்னான்.

தபால்காரர் கட்டில்லாத கண்ணால் அவனைப் பார்த்தார். "நீங்கதானே என்னைத் தூக்கிட்டு ஓடினது? குரலை வெச்சுச் சொல்றேன்."

"ஆமாங்க."

"அது வேற, இது வேற," என்றார் அவர். "கோபம் இல்லைன்னு சொன்னா பொய். ஆனா முப்பது வருஷமா நான் கவர்மேல யார் பேர் எழுதியிருக்கோ அவங்க கையிலதான் குடுக்குறேன். ஆள் இல்லைன்னு பக்கத்து வீட்டுல போட்டுட்டுப் போனதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்க. உங்களுக்கு உள்ளதை நீங்க வாங்கிக்கங்க. அந்தாளுக்கு உள்ளதை அந்தாள் கையில குடுங்க."

அவர் மனைவி கடைசிவரை அவர்களை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான் என்று ஃபிட்டரம்மாவுக்குப் பட்டது.

திங்கள்கிழமை விசாரணைக்கு வந்தது தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெண் அதிகாரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே நுழைந்தார்கள்.

"தனித்தனியாக் கூப்பிட்டுத் தனித்தனியாப் பேசினது போதுங்க," என்று சொல்லிவிட்டு, ஃபிட்டரம்மா கையால் எழுதிய ஒரே ஒரு பேப்பரை நீட்டினாள். மகள் பிழை பார்த்துக் கொடுத்தது. அதில் அவன், அட்டையைக் கழற்றியதும் ஓட்டியதும் நான் என்று எழுதியிருந்தான். அவள், சாவியை ஆபீஸில் விட்டுப் போனது என் தப்பு, என் கையில் வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். சங்கிலியை அறுக்கச் சொன்னதும், சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னதும் சூப்பர்வைசர் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். கூடவே அவர் கொடுத்த இரண்டு தட்டச்சுப் பேப்பர்களும் இருந்தன.

அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீக்கிரம் சார் அதை வாங்கிப் படித்தார். முதல் தடவையாக நிதானமாகப் பேசினார். "எந்தச் சங்கிலி மேடம்? இந்த மெஷின் வாங்கினதுலேர்ந்து பின்னாடி சங்கிலியே கிடையாது. ஈரப் புல்லுக்கு அப்படித்தான் வரும். அது இல்லாமலே பாதுகாப்பானதுதான்."

இருபத்தைந்து வருஷம் தினமும் இழுத்துப் பார்த்த நாற்பத்திரண்டு சங்கிலியை ஓர் ஆள் முகத்துக்கு நேராக இல்லை என்கிறான். ஃபிட்டரம்மா அவர்மேல் பாயாமல் இருக்க மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கொட்டகை நூறு அடிதான். ஒரு நடை வந்து பாருங்க."

"விபத்துக்கு அப்புறம் எடுத்த போட்டோ ஃபைல்ல இருக்கே. அது போதும்," என்றார் அதிகாரி.

"போட்டோவுல விரலால தடவிப் பாக்க முடியாதுங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வெளியே போனான். ஐந்து நிமிஷத்தில் டிராக்டர், பிளேடு சுற்றாமல், ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. பின்பக்கம் வாசலைப் பார்க்கத் திருப்பி, மோவரை உயர்த்தி, என்ஜினை நிறுத்திவிட்டு அவன் இறங்கினான். அவள் நான்கு மூலையிலும் இரும்புக் கால்களைக் கொடுத்தாள். கம்பிமேல் இப்போது மஞ்சள் பெயின்ட் பளபளத்தது. ஞாயிற்றுக்கிழமை யாரோ அடித்திருக்கிறார்கள். அவசரத்தில் அடித்ததால் வளையங்களின் உள்பக்கம் பெயின்ட் ஏறவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு வளையத்தைச் சுரண்டினாள். அறுத்த முனையில் உருகி உறைந்த இரும்பு மணி மணியாக வந்தது, ஓரத்தில் தீப்பட்ட நீலம்.

அதிகாரி படியிறங்கி வந்தார். தயங்கி நின்றார். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து விரலால் தடவினார். வளையங்களை வாய்க்குள்ளேயே எண்ணினார். நாற்பத்திரண்டு.

"இது பழைய பார்ட்டு மேடம்," என்றார் சீக்கிரம் சார். "அது இருந்தாலும் இல்லைன்னாலும் ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதா சார்?" என்றாள் ஃபிட்டரம்மா. "அப்போ நீங்க இப்படியே பின்னாடி நில்லுங்க. அவர் ஸ்டார்ட் பண்ணட்டும்."

டிரைவர் என்ஜின் பக்கம் ஓர் அடிதான் எடுத்துவைத்தான். சீக்கிரம் சார் சட்டென்று பக்கவாட்டில் மூன்று அடி நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டார். ஸ்டார்ட் செய்ய அவள் ஒருநாளும் விட்டிருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதிகாரி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்தையும் இப்போது நிற்கும் இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. டிரைவரின் கான்ட்ராக்ட் ரத்து. ஃபிட்டருக்கு ஒரு வருஷம் சம்பள உயர்வு கிடையாது. சூப்பர்வைசரை வேறு ஏரிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே கரை இன்னும் நீளம் என்று கேள்வி. தபால்காரரின் வைத்தியச் செலவைக் குடிநீர் வாரியம் ஏற்றுக்கொண்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, எழுத்துத் தெரியவில்லை என்றார்கள்.

"நமக்கு உள்ளதை நாம வாங்கிக்கிட்டோம். சரி," என்றாள் அவள், உத்தரவை மகளிடம் நீட்டி. "அந்த ஆளுக்கு உள்ளது எங்க போச்சு? கரை மாத்திக் குடுக்கிறது தண்டனையா? அந்த ஏரிக்கரையிலயும் யாராவது சைக்கிள்ல போவாங்கள்ல?" அன்று சாயங்காலமே மேல்முறையீடு எழுத உட்கார்ந்தாள். மகள் பிழை பார்த்தாள். நகல் ஒன்றை அந்த இன்னொரு ஏரியின் ஃபிட்டருக்கும் அனுப்பினாள்.

புதுச் சூப்பர்வைசர் வந்ததும் புல் எப்போது வெட்டலாம் என்று கேட்டார். சங்கிலி வந்ததும் என்றாள். இருபத்தாறு நாள் புல் இடுப்பளவு வளர்ந்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் பாம்பு வரும் என்று புகார் எழுதினார்கள். அவள் அசையவில்லை. இருபத்தேழாம் நாள் சங்கிலி வந்தது.

டிரைவருக்கு ஊர் ஓரத்து விதைப் பண்ணையில் வேலை கிடைத்தது, அங்கேயும் டிராக்டர், அங்கேயும் மோவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நாள் வேலைக்குக் கிளம்பிப் போனவன், பத்து மணிக்கெல்லாம் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஷாஃப்ட்டுக்கு மூடி இல்லை. வெறும் ஷாஃப்ட்டு சுத்துது. பக்கத்து வரிசையில பொம்பளைங்க களை எடுக்கிறாங்க. சேலை நுனி மாட்டினா ஆளையே சுருட்டிடும். முதலாளிகிட்ட சொன்னேன். ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது, உனக்கு மட்டும் என்ன பயம்னு சிரிச்சாரு."

"நீங்க?"

"சிரிச்சா சிரிச்சுக்கங்கன்னு இறங்கி வந்துட்டேன்."

அவள் கையிலிருந்த சட்டையைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள். முகத்தில் ஏதோ இளகுவதுபோல வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"நீங்க இறங்கிட்டீங்க. வண்டி நின்னுடுச்சா?"

அவன் பண்ணை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இந்நேரம் வேற எவனாவது ஏறியிருப்பான். அந்தப் பொம்பளைங்க அங்கயேதானே உக்காந்திருக்காங்க."

சட்டையை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். செருப்பை உதறி பூட்ஸில் காலை நுழைத்தாள். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "அந்த ஆளோட சிரிப்பை நானும் ஒரு தடவை பாக்கணும், வண்டியை எடுங்க," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் மோட்டார் சைக்கிளைத் தெருப்பக்கம் திருப்பியிருந்தான்.